குறை சொல்ல முடியாத வண்டி

அதியமான் தூதாக அனுப்ப, ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலுக்குள் போகிறாள். பீலியும் மாலையும் சாத்தி, நெய் பூசி, காவல் போட்டு வைத்திருக்கும் ஆயுதங்களைப் பார்க்கிறாள். இவை எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்கிறாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. அந்தப் பாராட்டில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்னாள்.

திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து பாப்பனங்கோடு, நேமம் என்று தெற்கே போகும் சாலையில் மோட்டார் சைக்கிள் ஷோரூம்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டில் நினைவுக்கு வரும். கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளை விளக்குக்குக் கீழே, டயரில் மண் படாத வண்டிகள். சாவி வாங்குகிற அன்று ரிப்பன் கட்டி, மாலை போட்டு, கேக் வெட்டிப் படம் எடுக்கிறார்கள். என் தங்கை மகனும் அப்படித்தான் ஒரு புது 350 சிசி வண்டி எடுத்தான். அவனுக்கு டெக்னோபார்க்கில் வேலை. தினமும் கழக்கூட்டம் போய்வர வேண்டும். வாங்கிய வாரமே என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பக்கத்தில் நின்ற பழைய புல்லட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, இதுல ஒரே ஒரு குறை சொல்லுங்க பாப்போம்."

சுற்றிவந்து பார்த்தேன். ஓட்டியும் பார்த்தேன். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே நிறைகளைச் சொல்கிறேன்.

முதல் நிறை, அது யார் கூப்பிட்டாலும் வரும். பெருவிரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். மழை நாளா, பனி நாளா, ஒரு வாரம் சும்மா நின்றதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று உள்ளே ஒரு சின்னக் கணினி கணக்குப் போட்டுக்கொள்கிறது. 2023இல் வந்த புது புல்லட்டில் கிக்கரே கிடையாது. 1932இல் பிறந்த பெயர் அது. இத்தனை காலம் உதைத்து எழுப்பிய வண்டியை இனி யாரும் உதைக்க வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பது திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். அப்பா 1980களில் வாங்கியது. அதை எழுப்புவது ஒரு வேலை. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கைப் போட வேண்டும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல இறக்கினால், ஹெட்லைட் தலையில் பதித்திருக்கும் ஆம்பியர் மீட்டரில் முள் இடப்பக்கமும் நடுவுமாக ஆடும். ஓரிடத்தில் கால் அப்படியே நின்றுவிடும். அதுதான் கம்ப்ரெஷன். அதற்குமேல் எவ்வளவு கனமான ஆள் ஏறி நின்றாலும் இறங்காது. இடக்கைப் பக்கம் இருக்கும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முள் நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது என்று அதற்கு அர்த்தம். லிவரை விட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், உடம்பின் கனம் முழுவதையும் ஒரே வீச்சில் இறக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதியில் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிப்போகும்.

அப்பா என்னிடம் முதலில் சாவியைத் தரவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முள்ளைப் பார்க்கப் பழக்கினார். கையால் கிக்கரை அமுக்கச் சொல்லி, "இப்ப பிஸ்டன் எங்க இருக்கு?" என்று கேட்பார். எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது, நான்கு அடிகளில் எந்த அடியில் தீ பிடிக்கிறது என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கும் முன்பே எனக்குக் கால் வழியாகத் தெரியும். தெரியாத ஆள் வந்து எத்தனை உதைத்தாலும் அது எழும்பாது. வெளியே எங்கே நிறுத்திவிட்டுப் போனாலும் எனக்கு அதனால் ஒரு நிம்மதி. அந்த அளவுக்குக் கர்வம் பிடித்த வண்டி. புது வண்டியிடம் இந்தக் கர்வம் இல்லை. லைசென்ஸ் வாங்கிய அன்றே யாரும் ஏறிக்கொண்டு போகலாம். நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்த நிறை, அதன் அமைதி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் என்றால் குலுங்கத்தான் செய்யும். பெரிய பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் பாய்கிறது. அதை எதிர்த்துச் சமன் செய்ய இன்னொரு பிஸ்டன் இல்லை. புது எஞ்சின்களில் அதற்கென்றே ஒரு பாலன்ஸர் தண்டு எதிர்த்திசையில் சுழன்று குலுக்கலை விழுங்கிவிடுகிறது. 2020இல் மீட்டியர் வண்டியோடு வந்த 349 சிசி எஞ்சினில் இந்த ஏற்பாடு உண்டு. 2021இல் கிளாசிக்கும் 2023இல் புல்லட்டும் அதே எஞ்சினுக்கு மாறின. அதன் பலம் 20 குதிரைத்திறன். என்னுடையது 346 சிசி, 18 குதிரைத்திறன். காகிதத்தில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஏறி உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

புது வண்டியில் 80இல் போனாலும் 50இல் போகிற சுகம். எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமானால் குனிந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். பழையதில் மீட்டர் கேபிள் அறுந்துபோனாலும் கவலை இல்லை. 40இல் உள்ளங்கைக்கு ஒரு துடிப்பு வரும். 60இல் அது கால்வைப்புக்கு இறங்கும். 80ஐத் தொட்டால் கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் முகமே கலங்கிப்போகும். போதும் என்று வண்டியே சொல்லிவிடும். கேட்காமல் முறுக்குகிறவனுக்கு வீடு வந்து சேர்ந்தும் கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

பொன்முடிக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பேரூர்க்கடை, நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாறு வந்ததும் மலை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரம். என் மருமகன் அதில் ஏறி இறங்கி வந்து சொன்ன பாராட்டைவிடப் பெரிய பாராட்டை என்னால் எழுத முடியாது. "எப்ப ஏறினேன்னே தெரியல மாமா" என்றான்.

நான் ஏறியது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்திருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றலாம் என்று நினைத்தால் வண்டி மூச்சடைத்து நடுச் சாலையில் நின்றுவிடும். வளைவு கண்ணில் படும்போதே சத்தத்தைக் கேட்டு, எஞ்சின் கனக்கத் தொடங்கும் அந்த நொடியில் கியரைக் குறைத்து, திரும்புகிற முனையில் ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்தால் ஒவ்வொரு அடியாக எண்ணி எண்ணி ஏறும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். பாதி ஏறியதும் ஓரங்கட்டி எஞ்சினை ஆறவிட வேண்டும். அப்போதுதான் கீழே ஆற்றுச் சத்தம் கேட்கும், ஈரக் காட்டின் வாடை வரும், எதிரே இறங்கி வருகிறவர் நிறுத்தி, "மேலே ஒரே மஞ்சு, ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போவார். வண்டி சூடாகாமல் இருந்தால் இது எதற்கும் நிற்க வேண்டிய தேவை இல்லை.

இனி, புது வண்டி ஊருக்குச் செய்திருக்கும் உபகாரம். நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு வழியெல்லாம் காவல் இருந்தது. பகலில் ஹெட்லைட் எரிந்தால் எதிரே வருகிறவர்கள் கை விரல்களை மடக்கி விரித்துக் காட்டுவார்கள். பஸ் டிரைவர் காட்டுவார், சைக்கிளில் வரும் பையன் காட்டுவான், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெரியவர் காட்டுவார். யார் என்றே தெரியாது, ஆனால் நம் பேட்டரி தீர்ந்துவிடக்கூடாதே என்ற அக்கறை. 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளின் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம்தான், எதிரே வருகிறவன் கண்ணில் படுவோம். கையை விரித்துக் காட்டும் வழக்கம் சில வருடங்களில் நின்றுபோயிற்று.

சைடு ஸ்டாண்டும் அப்படித்தான். மடக்க மறந்து கிளம்பினால் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வருவதற்குள் நாலு பேராவது கத்திவிடுவார்கள். "சேட்டா, ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!" என்று பின்னால் ஸ்கூட்டரில் வரும் பெண் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வந்து சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போவாள். சாலைக் கடைத்தெருவில் தமிழில் கத்துவார்கள். இப்போது ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சின் தானே அணைந்துவிடும். இதனால் எத்தனை பேர் விழாமல் தப்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒருவருக்காக யாரோ ஒருவர் தொண்டை கிழியக் கத்தும் வேலையை அந்தச் சின்ன சென்சார் ஏற்றுக்கொண்டுவிட்டது.

வழி கேட்பதும் மிச்சம். மீட்டியரில் வந்த டிரிப்பர் என்ற வட்டத் திரை, போனோடு சேர்ந்துகொண்டு அம்புக்குறி போட்டு வழி காட்டுகிறது. இப்போது பல கம்பெனி வண்டிகளில் இதைவிடப் பெரிய திரைகள் வந்துவிட்டன. திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். நேர்த் தெருக்கள் குறைவு. ஒரு இறக்கத்தில் இறங்கினால் எந்தச் சந்திப்பில் ஏறுவோம் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் புதிதாக ஒரு வீட்டைத் தேடிப்போனால் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். டீக்கடையில் ஒருவர் பாதி வழி சொல்வார், மீதியை முடிதிருத்தும் கடையில் கேட்கச் சொல்வார். அங்கே யாரைப் பார்க்கப் போகிறோம், நாம் யார், எந்த ஊர், கரமனையில் எந்தத் தெரு என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வழி வரும். திரை எதையும் விசாரிப்பதில்லை. போய்ச் சேர்கிற வரையில் ஒரு மனிதரிடமும் வாய் திறக்காமல் போய்விடலாம்.

இந்த இடத்தில் ஒரு பாராட்டை எந்தச் சேர்க்கையும் இல்லாமல் தனியே எடுத்து வைக்கிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளப்போவதைச் சென்சார் கண்டுபிடித்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இந்த ஊர்ச் சாலை என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். செம்மண் கரைந்து தாரின் மேல் படியும், வெள்ளைக் கோட்டின்மேல் டயர் பட்டால் வழுக்கும். என் வண்டியில் இருப்பது ட்ரம் பிரேக். தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும். மழையில் அதை நிறுத்துவதைத் தேர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். அது ஆபத்து. மழைக்காலத்தில் என் மருமகன் அவனுடைய வண்டியில் போகிறான் என்பது எனக்கு ஆறுதல். புகையும் அப்படியே: 2020இல் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிறகு வந்த வண்டிகள் விடுகிற புகைக்கும் என்னுடையது விடுகிற புகைக்கும் ஒப்பீடே இல்லை. இவை இரண்டிலும் வஞ்சம் எதுவும் கிடையாது.

ஆனால் புது வண்டியின் ஆகப் பெரிய பெருமை வேறு. அதற்கு மெக்கானிக் வேண்டாம்.

இங்கே தலைமை மெக்கானிக்கை ஆசான் என்பார்கள். களரி சொல்லிக் கொடுப்பவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். கரமனையில் எங்களுக்கு ஒரு ஆசான் உண்டு. தகரக் கொட்டகை, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய கேபிள்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் உடனே தொடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். அங்கே இங்கே என்று நாலு இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, அணைக்கச் சொல்வார். "டாப்பெட். வேறொண்ணும் இல்ல. ஆறட்டும்."

ஆறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். சூடான எஞ்சினில் டாப்பெட்டைத் தொடக்கூடாது என்பது முதல் பாடம். பிறகு சிலிண்டரின் வலப்பக்கம் அடியில் இருக்கும் சின்ன மூடியை, நடுவில் ஒரே ஒரு நட்டு, கழற்றுவார். உள்ளே இரண்டு புஷ்ராட்கள் நிற்கும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே விடுவார். "விரலால சுத்திப் பாரு. சுத்தணும். ஆனா மேலயும் கீழயும் ஆடக்கூடாது." அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எந்தக் கருவியும் அளப்பதில்லை. விரல்தான் அளவு. இறுக்கமாக இருந்தால் வால்வு மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும். தளர்ந்திருந்தால் தட்டிக்கொண்டே இருக்கும். நட்டைக் கால் சுற்று திருப்புவார், மறுபடி சுற்றிப் பார்க்கச் சொல்வார். எனக்குச் சரியென்று பட்டது அவர் விரலுக்குச் சரியில்லாமல் இருக்கும். சரியாக வந்ததும் ஒன்றும் சொல்லமாட்டார், மூடியை எடுத்து மாட்டத் தொடங்குவார். பாயிண்ட் கேப்பும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததுதான். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. ஃபீலர் கேஜ் கையில் இல்லாத நாளில் சிகரெட் பெட்டி அட்டையை மடித்து உள்ளே விட்டுப் பார்ப்பார்.

புது எஞ்சினுக்கு இப்படி மூடியைத் திறந்து விரலை விடும் வேலை இல்லை. கோளாறு வந்தால் அதுவே குறித்துவைத்துக்கொள்கிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் ஒரு வயரைச் செருகி, திரையில் வரும் குறியீட்டு எண்ணைப் பார்த்து, எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லிவிடுவார்கள். பழுது பார்க்கும் பேச்சே இல்லை, மாற்றுவதுதான். வண்டிக்குச் சொந்தக்காரன் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில், காபி மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கையில் கறை படாது. எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் விதுராவுக்கு அப்பால் ஒரு வண்டி நின்றுவிட்டது. அது எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியம் இல்லை, புது வண்டி. ஓட்டியவர் என் வயது ஆள், நல்ல படிப்பாளி. சாவியைத் திருப்பினால் திரை எரிகிறது, எஞ்சின் மட்டும் எழும்பவில்லை. நான் நிறுத்தினேன். அதற்குள் ஒரு ஜீப்காரரும் நிறுத்திவிட்டார், டீக்கடையிலிருந்து இருவர் வந்தார்கள். எல்லோருக்கும் உதவி செய்ய ஆசை. எங்கே கை வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பிளக்கைப் பார்க்கலாம் என்றால் டேங்க் வரை கழற்ற வேண்டும் போலிருந்தது. கார்புரேட்டர் கிடையாது. உதைத்துப் பார்க்கலாம் என்றால் கிக்கர் கிடையாது. நாங்கள் ஐந்து பேரும் அந்த வண்டியைச் சுற்றி நின்று, அது எவ்வளவு கச்சிதமாக மூடப்பட்டிருக்கிறது என்று பார்த்தோம். அவர் கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டார். அந்த இடத்தில் சிக்னல் வந்து வந்து போயிற்று. கடைசியில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. வண்டியில் ஒரு கீறல் விழவில்லை.

ஆசானிடம் இப்போது வேலை பழக யாரும் வருவதில்லை. ஒரு காலத்தில் மூன்று பையன்கள் இருந்தார்கள். முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, பிறகு செயின் கழுவுவது, பிறகு டாப்பெட் என்று படிப்படியாக ஏறி வந்தவர்கள். அவர்களில் ஒருவன் சொந்தமாகக் கடை போட்டான், ஒருவன் வளைகுடாவுக்குப் போனான். புது வண்டிகள் கடையை ஒட்டிய சாலையில் நாள் முழுக்கப் போகின்றன. ஒன்றுகூட அவருக்குத் தொந்தரவு தருவதில்லை.

மூத்தவர்களிடம் புது வண்டிகளுக்கு இருக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். பழைய பெயர் எதையும் அவை வீணாக்குவதில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயரும் 2022இல் யெஸ்டி என்ற பெயரும் புது வண்டிகளின் டேங்கில் ஏறின. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100க்கு இன்றும் இருக்கும் மோகத்தைப் பார்த்தால், அந்தப் பெயரையும் யாராவது எழுப்பாமல் விடமாட்டார்கள். உருண்டை விளக்கு, கண்ணீர்த்துளி டேங்க், ஒற்றை சீட்டு, ஓரத்தில் தங்கக் கோடு என்று தோற்றத்தில் பிசிறு இல்லை. சத்தத்தைக்கூட ஆய்வுக்கூடத்தில் வைத்து, பழைய துடிப்பு வரும்படி சைலன்ஸரைத் திருத்துகிறார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கி, இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்ததைக் கோத்து, பிறகு அச்சுகளையே கொண்டுவந்து திருவொற்றியூரில் வார்த்த இரும்புக்குப் புது வண்டி செய்யும் வணக்கம் அது. பழையது நல்ல வண்டி என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி வேண்டாம். புது வண்டி ஒவ்வொன்றும் அதைப்போலத் தோன்ற இவ்வளவு பாடுபடுகிறதே, அதுவே போதும்.

நிறைகளைச் சொன்னதுபோல என் வண்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் கசியும். எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் போர்ட்டிகோ தரையில் ஒரு கறை இருக்கும்; என் மனைவி அதற்கென்றே ஒரு பழைய தட்டு வைத்திருக்கிறாள். ஹெட்லைட் எஞ்சினின் மனநிலையைப் பொறுத்து எரியும். நியூட்ரல் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு குட்டி லிவர் உண்டு, குதிகாலால் தட்ட வேண்டும். முதல் கியரில் இருந்தால் அதுவும் கேட்காது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாதம் ஒருமுறை கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைக்கிறேன்.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது; 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 2,000 ஆக்கினார்கள். கேரள அரசும் அதே வருட பட்ஜெட்டில் பழைய வண்டிகளுக்கான வரியை 50 சதவீதம் கூட்டியது. சோதனைக்குக் கொண்டுபோனால் விளக்கு, ஹாரன், புகை எல்லாம் பார்ப்பார்கள். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். என் வண்டியில் அந்த எண் பெயிண்டுக்கு அடியில் பாதி மங்கிக் கிடக்கிறது. போன தடவை அங்கே வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் தன்னிடமிருந்த உப்புத்தாளைக் கொடுத்தார். உட்கார்ந்து தேய்த்தோம்.

பாகங்களுக்கு அலைய வேண்டும். சாலைக் கடைத்தெருவில் கேட்டு, இல்லையென்றால் நாகர்கோவில், அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. பாயிண்ட் செட், கேபிள், பிஸ்டன் வளையம், புஷ்ராட், எதுவானாலும் ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் இருக்கிறது. இல்லாததைக் கடைசல் பட்டறையில் கடைந்து கொடுக்கிறார்கள். இரும்பாக இருக்கும்வரை அது முடியும். புது வண்டியின் திரையையும் அதன் உள்ளே இருக்கும் கணினியையும் எந்தப் பட்டறையிலும் கடைய முடியாது. என் வண்டியின் வயதை அவை எட்டும் நாளில் அந்தப் பாகங்களைக் கம்பெனி செய்துகொண்டிருக்குமா என்று மருமகனிடம் கேட்டேன். அதற்குள் வேற வண்டி மாத்திடுவேன் மாமா என்றான். அதுவும் அதன் நிறைதான். யாரையும் தன்னோடு கட்டிப்போடுவதில்லை.

அடுத்த வாரம் எனக்குப் புதுப்பேட்டையில் வேலை இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மேட்டில் நழுவுகிறது. ஆசான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்; பிளேட் ஒரு செட், ஸ்பிரிங் மூன்று, டாப்பெட் மூடிக்குக் கேஸ்கெட் இரண்டு. இரண்டு எதற்கு என்று கேட்டேன். ஒன்றை நானே மாட்டிப் பழகும்போது கிழித்துவிடுவேனாம்.